பழியைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டவர்

சதீஷ் தவான் என்ற பெயரை எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அறிந்திருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு கதையின் வழியாகத்தான். 1979 ஆம் ஆண்டு இந்தியாவின் முதலாவது செய்மதி ஏவுவாகனம் கடலில் விழுந்தபோது, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராக இருந்த தவான், திட்டப் பணிப்பாளரான அப்துல் கலாமை முன்னே தள்ளாமல் தாமே ஊடகவியலாளர்கள்முன் அமர்ந்து தோல்வியை ஏற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டு வெற்றி கிடைத்தபோது கலாமை முன்னே அனுப்பித் தாம் பின்னே நின்றார். கலாமே மேடைக்கு மேடை சொன்ன கதை என்பதால் அது தமிழில் ஆழ வேரூன்றிவிட்டது. திருகோணமலையில் பரிசளிப்பு விழாவோ தலைமைத்துவப் பயிற்சிப் பட்டறையோ எது நடந்தாலும் யாராவது ஒருவர் அதைச் சொல்லிவிடுகிறார். சொல்லி முடிந்ததும் மண்டபம் கைதட்டுகிறது. பேச்சாளர் அடுத்த பெரியவரின் கதைக்குப் போய்விடுகிறார். அந்தக் கைதட்டலில் எனக்கும் பங்கு உண்டு. ஆனாலும் எதைப் பார்த்துக் கை தட்டுகிறோம் என்பதை யாரும் கேட்டதாக நினைவில்லை.

அதைக் கேட்டவர் எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அண்ணன். துறைமுகத்தில் இயந்திரப் பகுதியில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பாடசாலை விழா ஒன்று முடிந்து டச்சுக்குடாக் கரையோரமாக நாங்கள் இருவரும் நடந்து வந்தபோது, அன்றைய பிரதம விருந்தினர் சொன்ன தவான் கதை தமக்குப் பிடிக்கவில்லை என்று அவர் சொன்னார். நான் வியந்து நின்றேன். "ஆர் பிழை விட்டது எண்டு தெரியாட்டி, அடுத்த முறையும் அதே பிழைதான் நடக்கும், தம்பி. பெரியவர் வந்து பழியை வாங்கிப்போட்டால், கீழ வால்வைப் பார்க்க வேண்டியவன் என்னத்தைப் படிப்பான்?" என்றார். வாழ்நாள் முழுவதும் வால்வுகளோடும் பம்புகளோடும் பழகியவருடைய கேள்வி அது. அதை உணர்ச்சிப் பேச்சால் தட்டிக்கழிக்க முடியாது. பணிவு என்ற பெயரில் ஓர் உண்மை மறைக்கப்பட்டதா? மறைக்கப்பட்டிருந்தால் அது போற்றத் தக்கதா? இந்த இரண்டு கேள்விகளும் அன்றிலிருந்து என்னை விடவில்லை.

நமக்கு முன்னால் இருக்கும் கடல்

விண்வெளி என்பது திருகோணமலைக்குத் தொலைவான விடயம் அன்று. இந்தியாவின் ஏவுதளமான ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தென்திசை நோக்கி நேராக ஏவினால் வழியில் இலங்கைத் தீவு இருக்கிறது. எனவே துருவச் சுற்றுப்பாதைக்குச் செல்லும் இந்திய ஏவுவாகனங்கள் முதலில் தென்கிழக்காகக் கடல்மேல் பறந்து, எங்கள் தீவைப் பக்கவாட்டில் விட்டுவிட்டு, அதன் பின்னரே தெற்கு நோக்கித் திரும்புகின்றன. அந்தத் திருப்பத்துக்கு எரிபொருள் செலவாகிறது. அந்த அளவுக்கு ஏற்றிச் செல்லக்கூடிய செய்மதியின் எடை குறைகிறது. மனிதர்கள் வாழும் நிலத்தின்மேல் எரிந்து முடிந்த பகுதிகள் விழக்கூடாது என்பதற்காகக் கொடுக்கப்படும் விலை அது. இருட்டு நேரத்தில் ஏவப்பட்டு, வானமும் தெளிவாக இருந்தால், எங்கள் கரையிலிருந்து வடகிழக்கு வானில் அந்த ஒளி ஏறிச் செல்வதைப் பார்க்கலாம்.

விண்வெளியோடு சேர்த்து எங்கள் ஊரில் யாருடைய பெயராவது சொல்லப்படுகிறது என்றால் அது எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் பெயர்தான். 1956 இல் அவரும் மைக் வில்சனும் சுவாமி மலையின் அடியில் மூழ்கிப் பழைய கோணேசர் கோயிலின் எச்சங்களைக் கண்டதை இங்கே அறியாதவர் இல்லை. செய்மதிகள் பூமியின் ஒரே இடத்துக்கு மேலே நிலைத்து நிற்பதுபோல் சுற்றிவந்து தொலைத்தொடர்புக்கு உதவலாம் என்று 1945 இல் எழுதியவரும் அவரே. 1975 இல் அமெரிக்கச் செய்மதி ஒன்றின் வழியாக இந்தியாவின் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் நேரடியாகச் சென்றன. அந்தச் சோதனையின்போது இந்தியப் பொறியியலாளர்கள் கொழும்பில் கிளார்க்கின் வீட்டுக்கும் ஓர் அலைவாங்கியை வைத்துக் கொடுத்தார்கள். இந்தச் செய்தியைச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் அந்த ஆண்டு அந்த நிறுவனத்தை நடத்தியவர் யார் என்று சொல்பவர்கள் இல்லை. தவானின் பெயர் இப்படித்தான் ஒவ்வொரு செயலிலிருந்தும் மெல்ல உதிர்ந்துபோகிறது. அவர் அதை விரும்பியே செய்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1971 டிசம்பர் 30 அன்று, அந்த நிறுவனத்தின் தலைவராக இருந்த விக்ரம் சாராபாய் கோவளத்தில் திடீரெனக் காலமானார். அப்போது தவான் கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்தார். பிரதமர் இந்திரா காந்தி அழைத்தபோது அவர் ஓடி வரவில்லை. அங்கே ஏற்றுக்கொண்ட பணியை முடித்துவிட்டு வருவதாகச் சொன்னார். பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தின் பணிப்பாளர் பதவியைத் தொடர வேண்டும் என்றார். விண்வெளி நிறுவனத்தின் தலைமையகமும் அதே ஊரில் இருக்க வேண்டும் என்றார். ஒரு நாட்டின் விண்வெளித் திட்டத்தையே கையில் கொடுக்கும்போது நிபந்தனை போடுகின்றவரைப் பணிவானவர் என்று சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். சொல்லலாம் என்பேன். அந்த நிபந்தனைகளில் அவருக்கென்று ஒன்றுமில்லை. மாணவர்களை விட்டுவிட்டுத் தலைநகரின் அதிகார வட்டத்துக்குள் போய் அமர மாட்டேன் என்பதுதான் அவற்றின் சாரம். 1972 இல் பொறுப்பேற்று 1984 வரை அவர் அந்த நிறுவனத்தை நடத்தினார். அதில் 1981 வரையிலான ஆண்டுகளில் அறிவியல் கழகத்தின் பணிப்பாளராகவும் இருந்தார்.

தகட்டின்மேல் காற்று

1920 இல் ஸ்ரீநகரில் பிறந்த தவான், லாகூரிலுள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் கணிதம், பௌதிகம், ஆங்கில இலக்கியம், இயந்திரப் பொறியியல் ஆகியவற்றைப் படித்துவிட்டு அமெரிக்கா சென்றவர். கலிபோர்னியாவில் ஹான்ஸ் லீப்மனிடம் அவர் செய்த முனைவர் பட்ட ஆய்வைப் பற்றி நம் மேடைகளில் ஒருவரும் பேசுவதில்லை. எனக்கோ அவருடைய குணத்தின் திறவுகோல் அங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது.

வேகமாக ஓடும் காற்று ஒரு தட்டையான தகட்டின்மேல் உராயும்போது அந்தத் தகட்டை எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்பதுதான் அந்த ஆய்வின் கேள்வி. தகட்டுக்கு அருகே காற்றின் வேகம் எப்படி மாறுகிறது என்று அளந்து, அதிலிருந்து கணக்கிட்டு இழுவிசையைப் பெறுவது வழக்கமாக இருந்தது. தவான் அந்தச் சுற்றுவழியை விட்டு, தகட்டின் பரப்பில் ஒரு சிறு துண்டை மட்டும் வெட்டித் தனியாக்கி, அது நூலிழை இடைவெளியோடு மிதப்பதுபோல் அமைத்து, காற்று அந்தத் துண்டை எவ்வளவு நகர்த்துகிறது என்று நேரடியாக அளந்தார். அந்தத் துண்டு அசையும் தூரம் மிகமிகச் சிறியது. இடைவெளி சற்றே கூடினாலும் காற்று அதற்குள் புகுந்து அளவைக் கெடுத்துவிடும். துண்டின் மேற்பரப்பு தகட்டின் மட்டத்துக்குச் சற்றே மேலே நின்றாலும் கெட்டுவிடும். இப்படிப்பட்ட ஒன்றை அளக்க ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருந்த மனிதருக்கு, உண்மையைப் பூசி மெழுகும் பழக்கம் வந்திருக்க வாய்ப்பே இல்லை. 1951 இல் பெங்களூருக்கு வந்து ஆசிரியராகச் சேர்ந்த அவர், ஒலியைவிட வேகமாகக் காற்றை ஓடவிட்டுச் சோதிக்கும் சிறியதொரு மீயொலிவேகக் காற்றுச் சுரங்கத்தைக் கட்டி அதில் மாணவர்களைப் பழக்கினார். அத்தகைய சுரங்கம் இந்தியாவில் அதுவே முதலாவது.

ஆகவே எங்கள் அண்ணன் எழுப்பிய கேள்விக்கு, தவான் இளகிய மனத்தவர், யாரையும் நோகடிக்க விரும்பாதவர், அதனால் பிழையை மூடிவிட்டார் என்று விடை சொல்ல முடியாது. வேறு விடை தேட வேண்டியிருந்தது.

1979 ஆகஸ்ட் 10

அன்று காலை 7.58 மணிக்கு எஸ்.எல்.வி.-3 புறப்பட்டது. ஏறத்தாழ 22 மீட்டர் உயரமும் 17 தொன் எடையும் கொண்ட, நான்கு அடுக்குகளாலான ரொக்கெட் அது. உச்சியில் ரோகிணி என்ற சிறு செய்மதி இருந்தது. முதல் அடுக்கு குறையில்லாமல் வேலை செய்தது. இரண்டாவது அடுக்கு எரியத் தொடங்கியதும் வாகனம் கட்டுப்பாட்டை இழந்தது. 317 ஆவது விநாடியில் எல்லாம் முடிந்தது. மிச்சமிருந்த அடுக்குகளும் செய்மதியும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 560 கிலோமீற்றர் தூரத்தில் வங்காள விரிகுடாவில் விழுந்தன. நாங்கள் நாள்தோறும் பார்க்கும் இதே கடல்தான்.

நடந்தது என்ன என்பதைக் கலாம் தமது தன்வரலாற்றில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். இரண்டாம் அடுக்கைத் திசைதிருப்பும் கட்டுப்பாட்டு அமைப்பில் எரிபொருள் ஒன்றும், அதை எரிக்க உதவும், புகைவிடும் தன்மையுள்ள நைத்திரிக் அமிலமும் தனித்தனித் தாங்கிகளில் இருந்தன. இரண்டும் சேரும்போதுதான் விசை பிறக்கும். புறப்படுவதற்கு 8 நிமிடங்களுக்கு முன் வந்த முதற்கட்டளையில் திறந்த வால்வு ஒன்று, அழுக்குச் சேர்ந்திருந்ததால் மீண்டும் மூடாமல் நின்றுவிட்டது. மின்காந்தத்தால் இயங்கும் அத்தகைய வால்வின் உள்ளே ஒரு சிறு அடைப்பான் தன் இருக்கையில் அழுந்தி உட்கார வேண்டும். கண்ணுக்குப் புலப்படாத ஒரு துகள் இடையில் சிக்கினாலும் அது முழுவதாக உட்காராது. அமிலம் கசிந்துகொண்டே இருந்தது. பறக்கும்போது வாகனத்தைத் திருப்பக் கட்டளை வந்தபோது எரிபொருள் மட்டும் பாய்ந்தது, அமிலம் இல்லை, எனவே விசையும் இல்லை. இதைவிடக் கசப்பான செய்தி இன்னொன்று உண்டு. கசிவு புறப்படுமுன்னரே தெரிந்திருந்தது. கலாம் பிற்காலத்தில் பல மேடைகளில் சொன்னபடி, கணினி ஏவுதலை நிறுத்திவைத்தது. வல்லுநர்கள் கணக்குப் பார்த்து, கசிந்ததுபோகப் போதிய அளவு இருக்கிறது, ஏவலாம் என்றார்கள். அவரும் கணினியை மீறி ஏவ முடிவெடுத்தார்.

அதாவது, பிழை விட்டவர் யார் என்பது அன்று அந்த வளாகத்தில் மறைபொருள் அன்று. முடிவெடுத்தவரின் பெயர் எல்லோருக்கும் தெரியும். வெளியே ஊடகவியலாளர்கள் காத்திருந்தார்கள். பொதுமக்களின் பணத்தைக் கடலில் கொட்டிவிட்டார்கள் என்ற விமர்சனம் தயாராக இருந்தது. முகத்தைக் காட்டவே தயங்கிய கலாமை அழைத்துக்கொண்டு உள்ளே சென்ற தவான், தாம் பேசினார். இன்று நாங்கள் தோற்றோம், என் தொழில்நுட்பவியலாளர்களுக்கு நான் துணை நிற்பேன், அடுத்த ஆண்டு வெல்வார்கள் என்ற பொருளில் அவர் பேசியதாகக் கலாம் நினைவுகூர்ந்திருக்கிறார். வால்வைப் பற்றியோ, கணினியை மீறியதைப் பற்றியோ, எவரொருவரையும் பற்றியோ அங்கே பேச்சு எழவில்லை.

கைதட்டல் இந்த இடத்தில் நிகழ்ந்துவிடுவதால் அடுத்து நடந்ததை நாம் பார்ப்பதில்லை. ஊடகச் சந்திப்போடு விசாரணை முடியவில்லை. அதன் பிறகுதான் தொடங்கியது. பறப்பின்போது வந்த தரவுகள் எல்லாம் அலசப்பட்டன. ஏராளமான விஞ்ஞானிகள் கூடிய கூட்டங்களில் வால்வும் தூசும் நிமிடக் கணக்கும் மேசைமேல் வைக்கப்பட்டன. அப்படி ஒரு கூட்டத்தில் கலாமே எழுந்து, கசிவைச் சிறிதென்று மதிப்பிட்டது தமது பிழை, ஏவுதலை நிறுத்தியிருக்க வேண்டியவர் தாம் என்று ஒப்புக்கொண்டார். அவரை எவரும் அதற்குக் கட்டாயப்படுத்தவில்லை.

இந்த வரிசையை விளங்கிக்கொண்ட பிறகுதான் எனக்கு விடை தெளிந்தது. தவான் இரண்டு கணக்குப் புத்தகங்கள் வைத்திருந்தார். ஊருக்குக் காட்டும் புத்தகத்தில் தோல்வி முழுவதையும் தம் பெயரில் எழுதிக்கொண்டார். நிறுவனத்துக்குள் இருந்த புத்தகத்தில் ஒரு துகளின் கணக்கைக்கூட விட்டுவைக்கவில்லை. முதலாவதில் அவர் அப்படி எழுதியதனாலேயே இரண்டாவதை நேர்மையாக எழுத முடிந்தது. மறுநாட் பத்திரிகையில் தன் பெயர் குற்றவாளியாக அச்சாகும் என்று அஞ்சுகின்ற பொறியியலாளன், கசிவைப் பார்த்தேன் என்று கூட்டத்தில் சொல்வானா? தான் கையெழுத்திட்ட தாளைத் தேடி எடுத்துக் கொடுப்பானா? தவான் வெளியே அடைத்து நின்ற அச்சம்தான் உள்ளே உண்மை பேசுவதற்கு வழி விட்டது. ஆகவே அவர் உண்மையை மறைத்தார் என்று சொல்வது பொருந்தாது. உண்மை எந்த அறையில் பேசப்பட வேண்டுமோ அந்த அறையில் அது பேசப்படும்படி செய்தார்.

கேள்வியின் மறுபாதி

இதை நான் எங்கள் அண்ணனிடம் விரிவாகச் சொன்னபோது அவர் பாதிதான் ஏற்றுக்கொண்டார். "உள்ளுக்கை அப்படி விசாரிச்சிருந்தால் சரி. எங்கட இடங்களில உள்ளுக்கை ஒண்டும் நடக்கிறேல்லையே" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தவானின் கதையைச் சொல்லிச் சொல்லி, பழியேற்கும் அந்த ஐந்து நிமிடத்தை மட்டும் நாம் கற்றுக்கொண்டோம். ஒரு பாலம் இடிந்தாலும், ஒரு பரீட்சை குழம்பினாலும், மேலே இருப்பவர் முன்வந்து முழுப் பொறுப்பையும் ஏற்கிறேன் என்கிறார். அதோடு கோப்பு மூடப்படுகிறது. அந்தப் பொறுப்பேற்பு ஒரு விசாரணையின் தொடக்கமாக இருப்பதற்குப் பதிலாக அதன் முடிவாகிவிடுகிறது. வெளிப்புத்தகம் மட்டும் இருந்து உட்புத்தகம் இல்லாவிட்டால் அது பணிவின் வேடம் பூண்ட பொறுப்பின்மை. தவானை இவர்களோடு சேர்த்துப் பேசுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கதையைக் குறைத்துச் சொல்பவர்கள்மீது எனக்கு வருத்தம் உண்டாவது இதனால்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று தவான் அடுத்த ஆண்டு என்று ஒரு காலக்கெடுவைக் கூறினார். தோல்வியை ஏற்பவர் பொதுவாகக் காலத்தைக் கூறுவதில்லை. காலம் கூறினால் மீண்டும் மாட்டிக்கொள்ள வேண்டிவரும். அவர் கூறினார். அதே அணியிடம், அதே திட்டப் பணிப்பாளரிடம் வேலையைத் திரும்பக் கொடுத்தார். கலாமை மாற்றியிருந்தால் ஊரார் திருப்திப்பட்டிருப்பார்கள். ஆனால் அந்த வால்வைப் பற்றி வேறெவரையும்விட நன்றாக அறிந்திருந்த மனிதரை நிறுவனம் இழந்திருக்கும். 1980 ஜூலை 18 காலை, எஸ்.எல்.வி.-3 தன் இரண்டாவது பயணத்தில் 35 கிலோகிராம் எடையுள்ள ரோகிணியைச் சுற்றுப்பாதையில் விட்டது. ஊடகவியலாளர்களைச் சந்திக்குமாறு கலாமிடம் சொல்லிவிட்டுத் தவான் ஒதுங்கினார். அந்த ஒதுங்கலைப் பெருந்தன்மை என்று மட்டும் பார்த்தால் போதாது. அந்த ஓராண்டில் வேலை செய்தவர்கள் யாரோ அவர்கள்தான் அதைப் பற்றிப் பேசத் தகுந்தவர்கள் என்ற, அளவு தவறாத கணக்கு அதில் இருக்கிறது. தகட்டுத் துண்டு எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவையே எழுதியவர், வெற்றியிலும் தமக்குரிய அளவை மட்டும் எடுத்துக்கொண்டார்.

பதவியிலிருந்து விலகிய பின்னர் அவர் பறவைகள் பறக்கும் விதத்தைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். ஸ்ரீஹரிகோட்டாவை அடுத்திருக்கும் பழவேற்காடு ஏரிக்கு வரும் கூழைக்கடாக்கள் போன்ற பெரிய பறவைகள் அவர் கவனத்தை ஈர்த்திருந்தன. அத்தனை எடையோடு நீரிலிருந்து எழும் பறவை, சிறகின்மேல் காற்றை எப்படி ஓடவிடுகிறது என்ற கேள்வி, கலிபோர்னியாவில் தொடங்கிய கேள்வியின் தொடர்ச்சிதான். 2002 ஜனவரி 3 அன்று பெங்களூரில் அவர் காலமானார். அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்குச் சதீஷ் தவான் விண்வெளி மையம் என்று பெயர் சூட்டினார்கள். உயிரோடு இருந்திருந்தால் அதற்கு அவர் இணங்கியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் பாடசாலை விஞ்ஞான மன்றத்தில் ஆண்டுதோறும் விண்வெளி பற்றி ஒரு கூட்டம் வைப்பது வழக்கம். இம்முறை அதை வெற்றி நாளான ஜூலை 18 இல் வைக்காமல் ஆகஸ்ட் 10 இல் வைக்கலாம் என்று பொறுப்பாசிரியரிடம் கேட்டிருக்கிறேன், அவரும் சம்மதித்திருக்கிறார். பேச்சாளர் வேண்டாம். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் ஒரு மின்காந்த வால்வைப் பிரித்துக் காட்டி, அடைப்பானுக்கும் இருக்கைக்கும் இடையில் ஒரு மணல் துகளை வைத்து, எவ்வளவு நீர் கசிகிறது என்று மற்றப் பிள்ளைகள் முன்னால் அளந்து எழுத வேண்டும். அதன் பிறகு, இந்தக் கசிவு தெரிந்தும் ஏவலாம் என்று நீ முடிவெடுத்திருந்தால் யாரிடம், எங்கே, எப்படிச் சொல்வாய் என்று ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுத வேண்டும். வால்வைத் தருவதற்கு எங்கள் அண்ணன் ஒப்புக்கொண்டுவிட்டார். பிள்ளைகள் எழுதுவதைத் தாமே வாசிக்க வேண்டும் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை.